ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் திசுவைக் கொண்டு கதிர்வீச்சுப் பாதிப்பை நம்பகமாக ஆராய முடியுமா?

எலிக்குப் பதிலாக, பிளாஸ்டிக் சிப்புக்குள் வளர்த்த மனித செல்களின் மீது கதிர்வீச்சைச் செலுத்திப் பெறும் முடிவுகளை நம்பலாமா, அவை விலங்குச் சோதனைக்கு மாற்றாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புற்றுநோய் சிகிச்சைப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளராகப் பணிபுரிகிறேன். நோயாளிகளுக்கான வேலை முடிந்த மாலை நேரங்களில், ஆய்வு மாணவர்கள் கொண்டுவரும் செல் மாதிரிகளுக்கு உரிய கதிர்வீச்சு அளவைக் கணக்கிட்டுச் செலுத்திக் கொடுப்பதும் உண்டு. அந்த அனுபவத்தில் சொல்வதானால், அந்தத் திசு எந்தச் செல்களால் ஆனது என்று தெரிந்த பிறகே அதன் முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்ல முடியும்.

இந்த ஆராய்ச்சியின் தேவை உண்மையானது. ஆரோக்கியமான மனிதர் எவரையும் ஆபத்தான கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, அந்தப் பாதிப்புக்கான மருந்தைச் சோதிக்க முடியாது என்பதால், அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2002-இல் கொண்டுவந்த விதியின்படி, விலங்குகளில் கிடைத்த சான்றை வைத்தே இத்தகைய மருந்துகளுக்கு ஒப்புதல் தரப்படுகிறது. 2015-க்கும் 2021-க்கும் இடையில் ஃபில்கிராஸ்டிம் தொடங்கி நான்கு மருந்துகள் அவ்வாறு ஒப்புதல் பெற்றன. நான்குமே எலும்பு மஜ்ஜையின் பாதிப்புக்கானவை, குடலைக் காப்பாற்ற அவற்றுள் ஒன்றும் இல்லை. மேலும், சிகிச்சை கிடைக்காத நிலையில் மனிதரில் பாதிப்பேரைக் கொல்லக்கூடிய அளவு ஏறத்தாழ 4 கிரே (உடல் உறிஞ்சும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்றால், பல ஆய்வக எலி வகைகளுக்கு அது 7 கிரேக்கும் மேல். எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குடலையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கேதான் ஒரு பழைய சர்ச்சை தீராமல் இருந்தது. அதிகக் கதிர்வீச்சு பட்டவருக்குக் குடலின் உட்சுவர் உரிந்து, நீரும் உப்பும் வெளியேறி, கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன. இதில் முதலில் அடிபடுவது குடற்சுவரைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் தண்டுச் செல்களா, அல்லது அவற்றுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களின் உட்புறச் செல்களா? நுண்குழாய்ச் செல்களின் மரணமே தொடக்கம் என்று 2001-இல் எலிகளை வைத்து ஓர் ஆய்வு கூறியது. 2010-இல் வெளிவந்த இன்னொரு எலி ஆய்வு அதை மறுத்து, குடற்சுவர்ச் செல்களில் உள்ள பி53 என்ற புரதமே விளைவைத் தீர்மானிக்கிறது என்றது. உயிருள்ள எலியில் நுண்குழாய்களை நீக்கிவிட்டுக் குடலை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. சிப்பில் அது முடியும்.

ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தில் டொனால்ட் இங்பர் குழுவினர் 2018-இல் செய்தது அதைத்தான். பென் டிரைவ் அளவுள்ள சிலிக்கோன் துண்டில் மேலும் கீழுமாக இரண்டு நுண்கால்வாய்கள், நடுவில் துளைகளுள்ள மெல்லிய சவ்வு. மேற்புறத்தில் குடற்செல்கள், கீழ்ப்புறத்தில் ரத்தக் குழாய்ச் செல்கள். பக்கவாட்டு அறைகளில் காற்றை உறிஞ்சி விடும்போது சவ்வு விரிந்து சுருங்கி, குடலின் அசைவைப் பெறுகிறது. கால்வாய்களில் ஓடும் திரவத்தின் ஓட்டத்திலும் இந்த அசைவிலும் வளரும் குடற்செல்கள் தாமாகவே, குடலின் உட்சுவரில் விரல்போல் நீட்டியிருக்கும் குடலுறிஞ்சிகளைப் போல மடிந்து எழுகின்றன. 8 கிரே காமாக் கதிர் பட்டதும் அந்த மடிப்புகள் மழுங்கின, செல்களுக்கிடையேயான பிணைப்புகள் விட்டுப்போயின, ரத்தக் குழாய்ச் செல்களே அதிகமாக இறந்தன. முன்கூட்டியே டிஎம்ஓஜி என்ற சேர்மத்தைக் கொடுத்தபோது பாதிப்பு வெகுவாகக் குறைந்தது.

இங்கேதான் நான் தயங்குகிறேன். அந்தச் சிப்பில் பயன்பட்ட கேக்கோ-2 செல்கள் பெருங்குடல் புற்றுநோயிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றில் செயல்படும் பி53 கிடையாது. தீர்மானிக்கும் புரதம் என்று ஒரு தரப்பு சொல்லும் அதுவே இல்லாத செல்லை வைத்து, "குடற்செல் தாங்கிக்கொண்டது, ரத்தக் குழாய்ச் செல் தாங்கவில்லை" என்ற முடிவுக்கு வந்தால், சர்ச்சை தீர்ந்ததாக நான் கருதமாட்டேன். நோயற்ற மனிதக் குடலின் சிறு துணுக்கிலிருந்து ஆர்கனாய்டுகளை (உறுப்பின் அமைப்பை ஒத்த சிறு செல் உருண்டைகளை) வளர்த்து, அந்தச் செல்களைச் சிப்பில் பரப்பும் முறை இப்போது இருக்கிறது. இதே சோதனையை அவற்றில் செய்து பெறும் விடைக்கே நான் அதிக மதிப்புத் தருவேன். அதே நிறுவனம் 2023-இல் வெளியிட்ட நுரையீரல் சிப்பில் மனித நுரையீரலிலிருந்து நேரடியாகப் பெற்ற செல்கள் இருந்தன. 16 கிரே செலுத்திய 6 மணி நேரத்தில் டிஎன்ஏ சேதத்தையும், 7 நாட்கள் வரை அழற்சி வளர்வதையும் அதில் காண முடிந்தது. எலும்பு மஜ்ஜைக்கும் 2020-இல் இத்தகைய சிப் வந்துவிட்டது.

என் துறை சார்ந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கட்டுரைகளில் இது பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துவிடும். சிகிச்சை எந்திரத்தின் 6 மெகாவோல்ட் கதிர், பொருளின் மேற்பரப்பில் முழு அளவைத் தராது, சுமார் 1.5 செ.மீ. ஆழத்தில்தான் உச்சத்தை எட்டும். மெல்லிய சிப்பை வெறுமனே மேசையில் வைத்துக் கதிரைச் செலுத்தினால், தாளில் 8 கிரே என்று எழுதியிருக்கும், செல்லுக்குப் போயிருப்பது அதைவிடக் குறைவாக இருக்கும். ஆகவே மேலும் கீழும் நீருக்கு நிகரான பிளாஸ்டிக் பலகைகளை அடுக்கி, இடையே காற்று தங்காதவாறு நிரப்பி, செல்கள் இருக்கும் ஆழத்தில் அளந்து பார்த்த பிறகே நான் மாதிரியை வைக்க விடுவேன். ஆக்சிஜனும் இதேபோல் கவனிக்கப்பட வேண்டியது. ஆக்சிஜன் நிறைந்த செல், அது அறவே இல்லாத செல்லைவிட எக்ஸ் கதிரால் இரண்டரை முதல் மூன்று மடங்கு எளிதில் சேதமடையும். குடலின் உட்புறத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு, சிலிக்கோனோ வெளிக்காற்றைத் தாராளமாக உள்ளே விடும் பொருள். ஆகவே சிப்பில் தெரியும் சேதம் குடலில் நேர்வதைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

விலங்குச் சோதனைக்கு மாற்றாகுமா என்ற கேள்விக்கு, சட்டம் கதவைத் திறந்துவிட்டது என்பதே முதல் பதில்: அமெரிக்கா 2022 டிசம்பரிலும் இந்தியா 2023 மார்ச்சிலும், புதிய மருந்துகளின் முன்சோதனைக்கு உறுப்புச் சிப் போன்ற முறைகளை ஏற்கும் வகையில் விதிகளைத் திருத்தின. எந்த மருந்தை மேலே கொண்டுபோகலாம், அது எந்தச் செல்லைக் காக்கிறது என்று பிரித்தறியும் வேலைக்குச் சிப்பே சிறந்தது. அதனால் எத்தனையோ விலங்குகள் தப்பும் என்பது எனக்கு மனநிறைவு தருகிறது. ஆனால் மஜ்ஜை செயலிழந்து வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் அதே வாரத்தில் குடலிலிருந்து கிருமிகள் ரத்தத்தில் புகுவதால்தான் பலர் இறக்கிறார்கள். தனித்தனிச் சிப்புகள் அந்தச் சேர்க்கையைக் காட்டமாட்டா.

காலமும் ஒரு தடை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றுக் குணமான பெண்களில் சிலர், ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து மலக்குடலில் ரத்தக்கசிவோடு எங்கள் பிரிவுக்குத் திரும்பி வருகிறார்கள். திசு மெல்ல மெல்லத் தழும்பாக இறுகி, நுண்குழாய்கள் அடைபட்டுப் போவதன் விளைவு அது. சில வாரங்கள் மட்டுமே தாக்குப்பிடிக்கும் சிப்பில் அந்த மாற்றத்தின் தொடக்கத்தைக் காணலாம், முழுமையைக் காண முடியாது. சிப்புகளை மாதக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கும் முயற்சிகளுக்கு அமெரிக்காவில் நாசா உள்ளிட்ட அரசு அமைப்புகள் நிதி அளித்து வருகின்றன. என் நோயாளிகளை நினைத்து நான் ஆவலோடு கவனித்து வருவது அந்த முயற்சிகளைத்தான்.