அம்மா கேட்ட படம்

கேள்வி: மூன்று வருடமாகப் புகைப்படம் எடுத்துவருகிறேன். இன்ஸ்டாகிராமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகைப்படக் கலைஞர்களைப் பின்தொடர்கிறேன். தினமும் இரண்டு மணி நேரமாவது அவர்கள் படங்களைப் பார்ப்பேன், பிடித்ததைச் சேமித்து வைப்பேன். ஆரம்பத்தில் உற்சாகமாக இருந்தது. இப்போது எதைப் பார்த்தாலும் மனதில் நிற்பதில்லை. கேமராவைத் தொடவே தோன்றவில்லை. பழைய மேதைகளில் யாரைப் பார்க்க வேண்டும், இணையத்தில் யாரைப் பின்தொடர வேண்டும் என்று சொல்லுங்கள். வெளியூர் போக முடியவில்லை, வீட்டில் எடுப்பதற்கு ஒன்றுமில்லை. அம்மாதான் அவ்வப்போது “என்னை ஒரு படம் எடேன்” என்பார். கேமராவைக் கண்டதும் விறைப்பாகிவிடுவார், அதனால் அது பயிற்சிக்கும் உதவாது. புது லென்ஸ் வாங்கினால் ஆர்வம் திரும்புமா?

பதில்: அம்மா எத்தனை முறை கேட்டிருக்கிறார், தம்பி?

“அவ்வப்போது” என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் முறை கேட்டபோதே எடுத்துக் கொடுத்திருந்தால் அவர் ஏன் மறுபடி கேட்கப்போகிறார்? மூன்று வருடத்தில் எத்தனை ஆயிரம் படம் எடுத்திருப்பீர்கள். தெருவில் போகிறவர் வருகிறவர் முகமெல்லாம் உங்கள் மெமரி கார்டில் இருக்கும். வாய்விட்டுக் கேட்டவரின் முகம் மட்டும் இல்லை. நேரமில்லை என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. “பயிற்சிக்கு உதவாது” என்கிறீர்கள். உங்கள் பயிற்சிக்கு நிற்கிறேன் என்றா அவர் சொன்னார்? தனக்கு ஒரு படம் வேண்டும் என்று கேட்டார்.

சோர்ந்துபோய்விட்டேன் என்று எழுதுகிறவர்களின் கடிதம் எனக்கு நிறைய வருகிறது. பாட்டு கற்கிறவர், படம் வரைகிறவர், கதை எழுதுகிறவர் என்று ஆள்தான் மாறுகிறார். எல்லோருக்கும் வருவதுதான், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். தினமும் இரண்டு மணி நேரம் பிறர் பார்த்ததையே பார்த்துக்கொண்டிருந்தால் அது சரியாகாது.

பெயர்கள் கேட்டீர்கள், தருகிறேன். வீட்டில் எடுக்க ஒன்றுமில்லை என்று சொன்னீர்களே, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஜூலியா மார்கரெட் கேமரன். 1863 டிசம்பரில், அவருக்கு 48 வயது இருக்கும்போது, மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். நிலக்கரி போட்டு வைத்திருந்த அறையை இருட்டறையாக்கினார். கண்ணாடி போட்ட கோழிக்கூட்டை ஸ்டுடியோவாக்கினார். அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். எதிரே இருப்பவர் சில நிமிடங்கள்கூட அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. அப்படி யாரை உட்கார வைத்தார்? சொந்தக்காரர்களை, அக்கம்பக்கத்துக் குழந்தைகளை, வீட்டு வேலைக்கு வந்த மேரி ஹில்லியரை. அந்தப் பெண்தான் அவருடைய எத்தனையோ படங்களில் மேரி மாதா. ஃபோகஸ் சரியில்லை, தகட்டில் கறை இருக்கிறது என்று அன்றைய விமர்சகர்கள் குறை சொன்னார்கள். 1867-இல் அவர் எடுத்த ஜூலியா ஜாக்சனின் முகத்தைத் தேடிப் பாருங்கள். கேமரனின் அக்கா தங்கை வழியில் மகள் முறை. முகத்தின் ஒரு பாதி வெளிச்சத்தில், மறு பாதி இருட்டில். சிரிப்பில்லை, நளினமாக நிற்கவும் முயலவில்லை. நூற்றைம்பது வருடம் கழித்தும் அந்தக் கண் நம்மை விடாது.

நிக்கோலஸ் நிக்சன் 1975-இல் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். அடுத்த வருடமும் எடுத்தார், அதற்கடுத்த வருடமும் எடுத்தார். இடமிருந்து வலம் அதே வரிசை. நாற்பது வருடத்துக்கும் மேலாக அது தொடர்ந்தது. அந்த வரிசையை ஒரே மூச்சில் பார்த்துவிடாதீர்கள். இளம்பெண்கள் நால்வர் உங்கள் கண் முன்னால் வயதாகிக்கொண்டே வருவார்கள். ஒரு கட்டத்தில், அடுத்த படத்தில் நான்கு பேரும் இருப்பார்களா என்ற பயத்தோடுதான் பக்கத்தைத் திருப்புவீர்கள். பெரும்பாலான படங்களில் அவர்கள் சிரிப்பதுகூட இல்லை.

அம்மாவின் விறைப்புக்கும் ஒருவரைச் சொல்கிறேன். லாரி சல்டன் பத்து வருடம் போலத் தன் அப்பாவையும் அம்மாவையும் படம் எடுத்தார். 1992-இல் அது புத்தகமாக வந்தது. படத்தில் இருப்பது நானில்லை, நீ என்னைப் பார்க்கும் விதம்தான் என்கிற பொருளில் அப்பா மகனோடு வாதாடினார். அந்த வாக்குவாதத்தையும் மகன் புத்தகத்தில் சேர்த்தார். கேமரா முன்னால் இயல்பாக நிற்காத ஆளை வைத்துத்தான் அவ்வளவு பெரிய வேலை நடந்தது. விறைப்பு என்று நீங்கள் ஒதுக்குகிறீர்களே, அது என்ன தெரியுமா? பிள்ளை தன்னை எப்படிப் பார்க்கப்போகிறானோ என்ற கூச்சம். அதைவிட நல்ல விஷயம் எந்த முகத்தில் உங்களுக்குக் கிடைக்கும்?

ரிச்சர்ட் அவெடனைத் தெரிந்திருக்கும். ஃபேஷன் உலகின் பெரிய பெயர். அவர் நோய்வாய்ப்பட்ட தன் அப்பாவை 1969 முதல் 1973 வரை, சாகும்வரை படம் எடுத்தார். உலகின் பேரழகிகளை நிறுத்திய அதே வெள்ளைப் பின்னணியில் உடல் உருகிக்கொண்டிருந்த ஒரு கிழவர். அவெடனின் படங்களில் எனக்கு மறக்காதவை அவைதான்.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்த அன்று அவருடைய தனிப்படம் ஒன்று தேடினோம். அலமாரி, பெட்டி, பழைய ஆல்பம் எல்லாவற்றையும் புரட்டியும் கிடைக்கவில்லை. கடைசியில் பத்துப் பேர் நிற்கிற ஒரு குழுப்படத்திலிருந்து அவர் முகத்தை வெட்டிப் பெரிதாக்கினோம். கண் கலங்கலாக இருக்கிறது. தோளில் யாரோ ஒருவரின் விரல்கள் பாதியில் நிற்கின்றன. யார் கை என்று இன்றுவரை தெரியாது. எங்கள் வீட்டிலும் கேமரா இருந்தது, தம்பி. என் கையில்தான் இருந்தது. அப்பா கேட்கும் வழக்கமில்லாதவர். உங்கள் அம்மா கேட்கிறார்.

ஒரு வீட்டில் கேமரா வைத்திருப்பவர் அந்த வீட்டு முகங்களுக்குப் பொறுப்பாளி என்பது என் நம்பிக்கை. கலை பெரிதா கடமை பெரிதா என்றெல்லாம் எனக்கு வாதாட வராது. கூடத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்கத் தெரியாத கண் தெருவில் எதைப் பார்த்துவிடும் என்றுதான் கேட்கிறேன்.

சரி, யாரைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது? முதலில் அந்த ஆயிரம் பேரைப் பத்தாகக் குறையுங்கள். கை நடுங்கும், பரவாயில்லை. விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும்போது ஒரு படத்துக்கு நீங்கள் கொடுப்பது ஒரு நொடி, இரண்டு நொடி. அந்த நேரத்தில் பளிச்சென்ற நிறமும் எடுப்பான உருவமும்தான் கண்ணில் படும். மெல்லப் பேசுகிற படம் உங்களைத் தாண்டிப் போய்விடும். பத்துப் பேரையும் அவர்களுடைய சொந்த இணையதளத்தில் போய்ப் பாருங்கள். அங்கே படங்கள் தொடராக, எடுத்தவரே அடுக்கிய வரிசையில் இருக்கும். ஒருவருக்கு ஒரு மாதம் கொடுங்கள்.

ஆர்வம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமா? பிரெஞ்சுப் புகைப்பட மேதை கார்த்தியே-பிரஸ்ஸோன் இளம் வயதில் ஒரு படத்தைப் பார்த்தார். மார்ட்டின் முன்காச்சி எடுத்தது. டாங்கனீக்கா ஏரியின் அலைக்குள் மூன்று சிறுவர்கள் முதுகு காட்டி ஓடுகிறார்கள். அந்த ஒரு படம் அவரைக் கேமராவோடு தெருவுக்கு அனுப்பியது. நீங்கள் எத்தனை சேமித்து வைத்திருக்கிறீர்கள்? அவற்றில் ஒன்றையாவது கண்ணை மூடிக்கொண்டு எனக்கு விவரிக்க முடியுமா?

பெரெனிஸ் ஆபட் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரரின் கதை இன்னும் பெரிது. 1920-களில் பாரிஸில் அவர் ஒரு முதியவரின் படங்களைப் பார்த்தார். ஆட்ஜே என்று பெயர். பழைய தெருக்களையும் கடை ஜன்னல்களையும் வருடக்கணக்கில் எடுத்துவந்தவர், வெளியே அதிகம் பெயர் தெரியாதவர். 1927-இல் அவர் இறந்ததும் ஆயிரக்கணக்கான நெகட்டிவ்களையும் பிரிண்ட்களையும் ஆபட் வாங்கிக் காப்பாற்றினார். நாற்பது வருடம் வைத்திருந்து 1968-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்திடம் சேர்த்தார். இன்று உலகம் ஆட்ஜேவை அறிவது பெரும்பாலும் இந்தப் பெண் சுமந்ததால்தான். பிடித்திருக்கிறது என்றால் இப்படி இருக்க வேண்டும். நீங்கள் இதயக் குறியைத் தட்டிவிட்டு நகர்கிறீர்கள்.

ராபர்ட் ஃபிராங்க் 1955-56-இல் அமெரிக்கா முழுக்கச் சுற்றி ஏறத்தாழ 27,000 படங்கள் எடுத்தார். புத்தகத்தில் வைத்தது 83. மற்றவை எங்கே போயின என்று யோசித்துப் பாருங்கள். புகைப்படம் கற்க கான்டாக்ட் ஷீட் போல ஆசிரியர் கிடையாது. ஃபிலிம் சுருள் முழுதும் ஒரே தாளில் தெரியும்: எங்கே தடுமாறினார், எங்கே ஓரடி முன்னால் வைத்தார், எதை விட்டுவிட்டார்.

அப்படிப்பட்ட வரிசையைக் காசில்லாமல் பார்க்க இணையத்தில் ஓர் இடம் இருக்கிறது, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளம். பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்திலும் அடுத்து வந்த போர்க் காலத்திலும் அரசு அனுப்பிய புகைப்படக்காரர்கள் எடுத்த ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் அங்கே சேமிப்பில் இருக்கின்றன. வாக்கர் எவான்ஸ் இருக்கிறார், டோரத்தியா லாங் இருக்கிறார். 1936-இல் லாங் எடுத்த அந்தத் தாயின் படத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள்: கன்னத்தில் விரல், இரு பக்கமும் முகத்தை மறைத்த பிள்ளைகள். அதே அன்று அவர் எடுத்த மற்ற படங்களும் அங்கே உண்டு. முதலில் தூரத்திலிருந்து கூடாரத்தோடு, அப்புறம் கிட்டே, இன்னும் கிட்டே. ஒரு மாலை முழுக்க அதை மட்டும் பாருங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு அங்கே உறுத்தும். அந்தத் தாயின் பெயரை லாங் கேட்கவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற பெயர் உலகுக்குத் தெரிய 1978 ஆனது. அதுவரை அவர் வெறும் “தாய்”.

இனி லென்ஸ். வாங்க வேண்டாம், இருப்பது போதும். இந்த வாரமே அம்மாவிடம் போய் எந்த இடத்தில், எந்த உடையில் படம் வேண்டும் என்று கேளுங்கள். அவர் சொல்கிறபடி செய்யுங்கள், உங்கள் ரசனையைத் திணிக்காதீர்கள். மேலே எரியும் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரச் சொல்லுங்கள். கேமரா அவர் கண் உயரத்தில் இருக்கட்டும். “சிரிங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். கை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் பாதி விறைப்பு வருகிறது, மடியில் எதையாவது கொடுங்கள். நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்த ஏதாவது ஒன்றைக் கேளுங்கள், பேசவிடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் திரையைக் குனிந்து பார்த்தால் தன்னிடம் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொள்வார். முப்பத்தாறு படம் எடுத்துவிட்டுப் பிறகு பாருங்கள். அவர் விறைப்பாக இருக்கும் படத்தையும் அழிக்காதீர்கள்.

எதைத் தேர்வு செய்வது என்பதை அவரிடமே விடுங்கள். லென்ஸுக்கு வைத்திருந்த பணத்தில் நல்ல தாளில் இரண்டு பிரிண்ட் போடுங்கள், ஒன்று அவருக்கு. பின்பக்கம் மென்மையான பென்சிலால் தேதி எழுதுங்கள். அதன் கீழே “அம்மா” என்று எழுதாதீர்கள். அவர் பெயரை முழுதாக எழுதுங்கள்.