பிழை வரியில் ஒளிந்திருப்பது என்ன? வாசகர் கேள்வி-பதில்

மார்ச்சில் கிரானைட் கல்லைச் சென்னைத் துறைமுகத்தில் ஏற்றினேன். பணம் ஜூலையில்தான் வந்தது. இதனால் நாட்டின் செலுத்துநிலைக் கணக்கு (வெளிநாடுகளோடு நடக்கும் எல்லாக் கொடுக்கல் வாங்கலின் கணக்கு) உதைக்குமா? (பர்கூர்)

கப்பல் கிளம்பியதுமே சுங்கத் தகவலை வைத்து ஏற்றுமதி வரவாகிவிடும். வாங்கியவர் தர வேண்டிய கடனும் அதே காலாண்டில் ஏற வேண்டும். அது முழுதாகப் பிடிபடாவிட்டால் மிச்சம் 'பிழைகளும் விடுபடல்களும்' வரியில் விழும். பற்றும் வரவும் ஒட்டாதபோது வித்தியாசத்தைப் போடும் கணக்குத்தாள் வரி அது, டாக்ஸ் அல்ல; சுருக்கமாகப் பிழை வரி. பணம் வந்ததும் எதிர்த் திசையில் நேராகும். ஒரே காலாண்டை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

வர்த்தகப் பற்றாக்குறையும் (ஏற்றுமதியைவிட இறக்குமதி கூடும் தொகை) செலுத்துநிலைப் பற்றாக்குறையும் ஒன்றுதானே? (பாலக்கோடு)

இல்லை. பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, புரட்டிவிட்டுக் கேட்டிருக்கலாம்.

நம் மாங்கூழ் ஏற்றுமதித் தொகையைவிட வாங்கும் நாடு காட்டும் இறக்குமதித் தொகை கூடுதல். பொய் சொல்வது யார்? (கிருஷ்ணகிரி)

யாரும் சொல்லத் தேவையில்லை. நாம் கப்பலில் ஏற்றும் வரையிலான எஃப்.ஓ.பி. விலையை எழுதுகிறோம், பல நாடுகள் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த சி.ஐ.எஃப். விலையை எழுதுகின்றன. டிசம்பரில் கிளம்பிய டிரம் ஜனவரியில் இறங்கினால் ஆண்டே மாறிவிடும். அப்புறம், இது இரு நாட்டுக் கணக்குகளுக்கு இடையிலான வித்தியாசம். பிழை வரி ஒரே நாட்டுக் கணக்குக்குள் வருவது.

பிழை வரியில் இருப்பதெல்லாம் கருப்புப் பணம்தானாமே? வாட்ஸ்அப்பில் வந்தது. (தருமபுரி)

இந்த வாட்ஸ்அப் செய்திக்குப் பதில் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது. அது நிகரத் தொகை ஐயா, நிகரத் தொகை! விடுபட்ட பற்றும் வரவும் ஒன்றையொன்று கழித்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் அதில் தெரியும். துபாயில் வேலை செய்பவர் உண்டியலில் (வங்கிக்கு வெளியே, தரகர் மூலம்) பணம் அனுப்புகிறார். தரகர் அந்தத் திர்ஹாமில் அங்கேயே தங்கம் வாங்கி, இங்கே கடத்தி விற்று, ரூபாயை அவர் வீட்டில் கொடுக்கிறார். தங்க இறக்குமதியும் பதிவாகவில்லை, அனுப்பிய பணமும் பதிவாகவில்லை. பற்றும் வரவும் ஒரே அளவில் விடுபட்டதால் பிழை வரியில் பூஜ்யம். முழுக்க முழுக்கத் திருட்டு, கணக்கோ சுத்தம்!

ஒரு பக்கம் மட்டும் பதிவானால்தான் வரி காட்டிக்கொடுக்கும். 2015, 2016இல் சீனாவின் பிழை வரி ஆண்டுக்குச் சுமார் 20,000 கோடி டாலர் மைனஸ். சொல்லாமல் வெளியேறிய மூலதனம் அதில் கணிசம் என்று பலர் கணித்தார்கள். சரி, அதற்காக எல்லாத் தவறும் களவாகிவிடுமா? நம் 2024 நவம்பர் தங்க இறக்குமதியை முதலில் ஏறக்குறைய 1,500 கோடி டாலர் என்றார்கள். இரட்டைப் பதிவை நீக்கியதும் 1,000 கோடிக்குள் வந்தது. அந்த 500 கோடியை யார் கடத்தினார்கள்?

பிழை வரி சிறியதாக இருந்தால் கணக்கு சரி என்று எடுத்துக்கொள்ளலாமா? (ஓசூர்)

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். நிகரத் தொகை.

இந்தத் தொகை எங்கே கிடைக்கும்? (அரூர்)

ரிசர்வ் வங்கி காலாண்டுதோறும் வெளியிடும் அட்டவணையில். முந்தைய காலாண்டுகளைப் பிறகு திருத்துவார்கள். பழைய தாளை வைத்துக்கொண்டு என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.