ஒரே வளவில் இரண்டு அடுப்பு

அன்புள்ள ஆச்சிக்கு,

எனக்கு 39 வயது. காரைக்குடியில் ஒரு வங்கியில் வேலை. கோட்டையூரில் எங்கள் பூர்வீக வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அப்பச்சி (அப்பா) தவறி 14 வருஷம் ஆகிறது. பங்காளிகள் எல்லாம் சென்னை, பெங்களூர். அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போன் செய்வார்கள். நான் வந்தால்தான் சாப்பிடுவார்கள். சம்பளக் கார்டும் அவர்களிடம்தான். இரண்டு வரன் கூடிவந்தபோது உடம்பு முடியவில்லை என்று படுத்துவிட்டார்கள். எனக்கும் அவர்கள் குரலைக் கேட்காமல் வேலை ஓடாது. ஒரு நாள் போனை எடுக்கவில்லை என்று பெர்மிஷன் போட்டுவிட்டு ஸ்கூட்டரில் பறந்து வந்தேன், தூங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது பதவி உயர்வோடு கோயம்புத்தூருக்கு மாற்றல். 'நீ போனா நான் இருக்க மாட்டேன்' என்கிறார்கள். ஒருத்தரை ஒருத்தர் அளவுக்கு மீறிச் சார்ந்திருக்கிற இதற்கு 'கோடிபென்டன்சி' என்று பெயர் என இணையத்தில் படித்தேன். இது நோயா? நான் போகலாமா?

எம்., கோட்டையூர்

அன்புள்ள எம்.,

வயதில் சின்னவள், நீ என்றே எழுதுகிறேன். பூட்டிய வீடுகளுக்கு நடுவே தனியாக இருக்கும் அம்மா, மகள்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து உன் கடிதம் வந்தது.

நோயா என்ற கேள்வியை விடு. குடிகாரர்களின் குடும்பத்தாரைப் பற்றி அமெரிக்காவில் பேச ஆரம்பித்த விஷயம் அது; மனநல மருத்துவர்களின் நோய்ப்பட்டியலில் இல்லை. ஆனால் 'நான் இருக்க மாட்டேன்' என்கிறார்களே, அதை வெறும் மிரட்டல் என்று தள்ளாதே. 'சாகணும்னு தோணுதா?' என்று பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேள். கேட்பதால் அந்த நினைப்பு வந்துவிடாது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. அரசு மருத்துவமனையில் மனநல டாக்டரிடமும் கூட்டிப் போ. இதைத் தள்ளிப்போடாதே.

இனி உன்னிடம் வருகிறேன். ஸ்கூட்டரில் பறந்து வந்ததைப் பாசத்துக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறாய். அது பயம். கார்டை அம்மா பிடுங்கிக்கொண்டதாக நீ எழுதவில்லை. அவர்களிடம்தான் இருக்கிறது என்கிறாய். கொடுத்தது யார்? வரன் தட்டிப்போனதையும் அம்மா கணக்கிலேயே எழுதிவிட்டாய். நீ அன்றைக்கு என்ன சொன்னாய்? கடிதம் முழுக்கத் தேடினேன், உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி இல்லை. 39 வயதுப் பெண் எழுதுகிற கடிதமா இது?

சரி, கோபம் போதும். நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் வேறு வைப்பது என்று ஒன்று உண்டு. உனக்குத் தெரியாமல் இருக்காது. மகனுக்குக் கல்யாணமானதும் அதே வீட்டில் அவனுக்கும் மருமகளுக்கும் தனி அடுப்பு, தனி மளிகை, தனிக் கணக்கு. வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள கட்டில், ஓர் அறை அவர்களுக்கு, அதன் சாவி மருமகள் இடுப்பில். எங்கள் ஆத்தாவை (அம்மாவை) வேறு வைத்த அன்று அப்பத்தா ஒரு வருஷத்து அரிசி, பருப்பு, புளி, மிளகாய், எண்ணெய் எல்லாம் அளந்து கொடுத்து, 'இனி உன் குழம்பு, உன் உப்பு' என்றார்களாம். இரண்டு அடுப்புக்கும் நடுவில் பத்தடி கூட இருக்காது. ஆத்தா வெள்ளைப்பூண்டுக் குழம்பு வைத்தால் ஒரு மங்குக் கிண்ணம் அப்பத்தாவுக்குப் போகும். அந்தக் கிண்ணம் வெறுமனே திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. குடும்பம் உடைந்தது என்று ஊரில் யாரும் பேசவில்லை. ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போய் வருஷக்கணக்கில் திரும்பாத காலத்தில், ஒரே கூரைக்குக் கீழே அத்தனை பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் வெறுக்காமல் இருந்ததற்கு இந்தத் தனி அடுப்புதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் மகளை யாரும் வேறு வைக்கவில்லை. அவள் வேறு வீட்டுக்குப் போகிறவள்தானே என்று விட்டுவிட்டார்கள். கோயில் கணக்கிலும் கல்யாணம் ஆனால்தான் புள்ளி, அதாவது தனிக் குடும்பம் என்ற கணக்கு. போகாத மகளுக்கும் போய்த் திரும்பி வந்த மகளுக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை.

எங்கள் அத்தை அப்படித்தான் இருந்தார்கள். கல்யாணமான சில வருஷத்திலேயே மாமாவைப் பறிகொடுத்துவிட்டு அப்பத்தாவிடம் திரும்பி வந்தவர்கள். அப்பத்தா அடுப்பில்தான் சாப்பாடு. தலை நரைத்த பிறகும் புடவை எடுக்க அப்பத்தாவைத்தான் கேட்பார்கள். அப்பத்தாவுக்கும் அத்தை பக்கத்தில் படுக்காமல் தூக்கம் வராது. ராத்திரியில் ஒருத்தர் இருமினால் மற்றவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். பகலில் பேசிக்கொண்டால் சண்டைதான். அப்பத்தா போய்க் காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிய மறுநாள் காலையில் அத்தை அரிசிப் பானைக்கு முன்னால் உழக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். உழக்கை முழுக்க முகந்தார்கள், பாதியைத் திரும்பக் கொட்டினார்கள், மறுபடி முகந்தார்கள். 'ஒருத்திக்கு எவ்வளவு போடணும்டி?' என்று ஆத்தாவிடம் கேட்டார்கள். ஆத்தா அந்த உழக்கை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவர்களைத் தன் அடுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடைசி வரை அத்தைக்கென்று ஓர் அடுப்பு வரவே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், உன்னை நீயே வேறு வைத்துக்கொள். அத்தனை பெரிய வீட்டில் அறைக்கா பஞ்சம்? பங்காளிகள் பங்கு வேண்டாம், உங்கள் பங்கிலேயே ஓர் அறையை எடுத்துக்கொள். சாவி உன்னிடம் இருக்கட்டும். இரண்டாங்கட்டில் ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு குக்கர், உன் உப்பு, உன் புளி. கார்டை வாங்கிக்கொண்டு வீட்டுச் செலவுக்கு மாதம் பிறந்ததும் ஒரு தொகை கொடு. போன் சாயங்காலம் ஒரு தடவை போதும். நீயும் அதற்கு மேல் கூப்பிடக் கூடாது. நல்ல நாள் பார்த்து, பால் காய்ச்சி, அம்மா கையாலேயே அரிசி அளந்து தரச் சொல். அழுவார்கள். ஒரு வேளை சாப்பிடாமல் படுப்பார்கள். நீ உன் அடுப்பில் வைத்த ரசத்தைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு உன் அறைக்கு வந்துவிடு. சுகர் மாத்திரை போடுகிறவர்களாக இருந்தால் மட்டும் சாப்பிட்டார்களா என்று பார்த்துக்கொள்.

அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அத்தனை பூட்டிய அறைகளுக்கு நடுவில் 14 வருஷம் ராத்திரிகளைத் தள்ளியவர்கள். நீயும் போய்விட்டால் பேச்சுக்குரல் கேட்காத வீடு என்ற பயம் நியாயமானது. பகலுக்கு ஒரு துணை ஆள் வைக்க உன் சம்பளம் தாங்கும். அதைச் செய்.

கோயம்புத்தூரைக் கேட்டிருந்தாய். போகலாம், போ. ஆனால் இந்த அடுப்பை மூட்டாமல் போனால் அங்கே உன் சமையலையும் அம்மா இங்கிருந்தே போனில் நடத்துவார்கள், நீயும் 'எவ்வளவு உப்பும்மா?' என்று கேட்டுக்கொண்டிருப்பாய். மாற்றலுக்குச் சேர எத்தனை நாள் இருக்கிறது என்று நீ எழுதவில்லை. இருக்கிற நாளுக்குள் அடுப்பை வாங்கு.

இதை அம்மாவிடம் படித்துக் காட்டு. கோபம் வந்தால் என்னைத் திட்டி எழுதச் சொல், அவர்களுக்கும் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
ஆச்சி