பருப்பில் வண்டு விழாமல் இருக்க

கேள்வி: மளிகையை மொத்தமாக வாங்கினால் விலை குறைகிறது, ஆனால் துவரம் பருப்பில் வண்டு விழுந்துவிடுகிறது. விலை கூடிய காற்றுப்புகா டப்பாக்களைத்தான் வாங்க வேண்டுமா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டியதில்லை, மூடி இறுக்கமாக இருந்தால் காலி ஹார்லிக்ஸ் பாட்டில்களே போதும். பருப்பை முறத்தில் பரப்பி நல்ல வெயிலில் காயவைத்து, சூடு முற்றிலும் ஆறிய பிறகே அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். நெடுநாள் வைப்பதானால், கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெயைக் கையால் பிசறி வையுங்கள். எண்ணெய்ப் பூச்சின் மேல் வண்டு எளிதில் முட்டையிடாது, சமைக்கும் முன் கழுவிக்கொள்ளலாம். ரவைக்கு வறுத்து ஆறவைப்பதே வழி. புளியை மட்டும் தகர டப்பாவில் போடாதீர்கள், புளிப்பு உலோகத்தை அரிக்கும். கொட்டை நீக்கி, கல்லுப்புத் தூவி, பீங்கான் ஜாடியில் அழுத்தி வைப்பதே நல்லது.