கரண்ட் போனால் ஆக்சிஜன் எத்தனை மணி நேரம்?

கேள்வி: முத்துப்பேட்டை பக்கம் 12 படுக்கையுள்ள சின்ன மருத்துவமனை நடத்துகிறோம். என் கணவர் டாக்டர், நிர்வாகம் நான் பார்க்கிறேன். கஜா புயலில் ஒன்பது நாள் கரண்ட் இல்லாமல் தவித்தோம். இப்போது 10 லிட்டர் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் இரண்டு, வென்டிலேட்டர் ஒன்று, பிறந்த குழந்தைக்கான வார்மர் ஒன்று இருக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன்னால் பெரிய ஜெனரேட்டராக வாங்கிவிடலாம் என்று இருக்கிறோம். எத்தனை கேவிஏ வாங்குவது?

பதில்: அம்மா, ஜெனரேட்டருக்குப் பிறகு வருகிறேன். ஜெனரேட்டரும் ஓடாத ஓர் இரவில் உங்கள் நோயாளிகளுக்கு எத்தனை மணி நேரம் ஆக்சிஜன் கிடைக்கும் என்று முதலில் பார்த்துவிடுவோம். அந்த எண் கைக்கு வந்த பிறகு எந்த இயந்திரத்துக்கும் பணம் கட்டுங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை நடந்தது உங்களுக்குத் தெரியும். லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. ரோடு முழுக்கத் தென்னை மரம். சிலிண்டர் வண்டியும் வரவில்லை, டீசல் வண்டியும் வரவில்லை. பங்க்கில் டீசல் இருந்தாலும் மேலே ஏற்றக் கரண்ட் வேண்டும். அப்படியிருக்க, ஜெனரேட்டரை மட்டும் நம்பி ஒருவருடைய மூச்சை ஒப்படைக்க எனக்கு மனம் வருவதில்லை.

கான்சென்ட்ரேட்டர் ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் பெட்டி இல்லை. அறையின் காற்றை இழுத்து, உள்ளே இருக்கும் சீயோலைட் மணிகளில் நைட்ரஜனைப் பிடித்து வைத்துவிட்டு, சுமார் 93 சதவீத ஆக்சிஜனை வெளியே விடுகிறது. கரண்ட் நின்றால் அதுவும் நின்றுவிடும். 10 லிட்டர் இயந்திரம் 600 வாட் அளவுக்கு இழுக்கும். வீட்டில் இருக்கும் 150 ஏஎச் பேட்டரியில் காகிதக் கணக்குப்படி 1,800 வாட்-மணி இருக்கிறது. ஆனால் அது 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக உறிஞ்சினால் ஒன்றரை, மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரம். பழைய பேட்டரி என்றால் அதுவும் இல்லை. இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் கம்ப்ரெஸர் சூடேறிக் கெட்டுப்போகும்.

ஆகவே கரண்ட் கேட்காத ஆக்சிஜன்தான் உங்களுக்கு அஸ்திவாரம். அது சிலிண்டர். ஜம்போ என்று நாம் சொல்லும் டி டைப்பில் 7 கியூபிக் மீட்டர், அதாவது 7,000 லிட்டர் இருக்கும். சின்ன பி டைப்பில் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் போகும் ஒரு நோயாளிக்கு ஜம்போ 23 மணி நேரம் வரும், பி டைப் 5 மணி நேரம். மூன்று பேர் இருந்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர், நாளுக்கு 21,600 லிட்டர், அதாவது மூன்று ஜம்போவுக்குச் சற்று அதிகம். ரோடு திறக்க மூன்று நாள் என்று வைத்துக்கொண்டால் பத்து ஜம்போ. மூக்கு வழியே வேகமாகச் செலுத்தும் ஹை ஃப்ளோ கருவியில் நிமிடத்துக்கு 40 லிட்டர் சுத்த ஆக்சிஜன் விட்டால் ஒரு ஜம்போ மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. அப்படிப்பட்ட நோயாளியைப் புயல் எச்சரிக்கை வந்த அன்றே திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். மரம் விழுந்த பிறகு 108 வந்தாலும் போக வழி இருக்காது.

பாதி தீர்ந்த சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்பதற்கும் எளிய கணக்கு உண்டு. ஜம்போவின் உள்ளளவு ஏறக்குறைய 46 லிட்டர். அழுத்தம் காட்டும் கேஜ் 100 பார் காட்டினால் 100-ஐ 46-ஆல் பெருக்குங்கள், 4,600 லிட்டர். பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு மீதியை நம்புங்கள். இந்தக் கணக்கை அட்டையில் எழுதி சிலிண்டர் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். இரவு டியூட்டி நர்ஸ் யாரையும் கேட்காமல் படிக்கும்படி இருக்க வேண்டும்.

கஜா இரவில் நான் பார்த்த ஒரு மருத்துவமனையில் நான்கு சிலிண்டர் நிரம்பியே இருந்தன. திறக்கும் சாவி ஸ்டோர் அறையில். ஸ்டோர் பூட்டின் சாவி மூன்று கிலோமீட்டர் தள்ளி, விழுந்த மரங்களுக்கு அந்தப் பக்கம் இருந்த ஊழியர் வீட்டில். பூட்டை உடைத்துத்தான் எடுத்தோம். ஒவ்வொரு சிலிண்டரிலும் சாவியைச் சங்கிலி போட்டுக் கட்டிவிடுங்கள். இன்று வரை நான் போகும் இடத்திலெல்லாம் முதலில் கண் போவது அங்கேதான்.

அப்புறம், கையிருப்பை நீட்டிக்க ஒரு வழி இருக்கிறது: விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். ரத்தத்தில் ஆக்சிஜன் 99 சதவீதம் காட்டும் நோயாளிக்கு 5 லிட்டர் எதற்கு? டாக்டர் சொல்லும் இலக்குக்குள், பலருக்கு 94 போதும், மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தால் 2 லிட்டரில் நிற்பவர்கள் உண்டு. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிக்கு 88 முதல் 92 வரைதான் இலக்கே. மணிக்கொரு முறை பார்த்துக் குறைத்தால் ஐந்து சிலிண்டர் பத்து சிலிண்டர் வேலை செய்யும்.

மற்ற கருவிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வென்டிலேட்டரின் பேட்டரி எத்தனை நிமிடம் நிற்கிறது என்பதைப் புத்தகத்தில் பார்க்காதீர்கள். நோயாளிக்குப் பதில் டெஸ்ட் லங் என்ற ரப்பர் பையை மாட்டி, பிளக்கைப் பிடுங்கி, கடிகாரம் வைத்துப் பாருங்கள். படுக்கையோரம், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை எப்போதும் தொங்கட்டும். காலால் மிதித்துச் சளியை உறிஞ்சும் சக்‌ஷன் ஒன்று பிரசவ அறையில் கட்டாயம். வார்மர் 600, 700 வாட் இழுக்கும், பேட்டரியில் நெடுநேரம் ஓடாது. எடை குறைந்த குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோலோடு தோலாக வைத்துப் போர்த்துவதே அந்த நேரத்தில் சிறந்த வார்மர். உலக சுகாதார நிறுவனம் 2022 முதல், பிறந்த உடனேயே அதைத் தொடங்கச் சொல்கிறது. பிரசவத்தில் ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். இன்சுலினை ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்தால் வீண்.

சரி, ஜெனரேட்டர். கான்சென்ட்ரேட்டர் இரண்டு, வார்மர், வென்டிலேட்டர், ஃபிரிட்ஜ், விளக்கு, ஃபேன், தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்ந்து 5 கிலோவாட்டுக்குள் அடங்கும். மோட்டார் கிளம்பும்போது இழுப்பதையும் சேர்த்து 10 கேவிஏ போதும். ஏசியையும் எக்ஸ்ரேயையும் சேர்த்து 40 கேவிஏ வாங்கச் சொல்வார்கள். வேண்டாம். பெரிய இன்ஜினைக் குறைந்த லோடில் ஓட்டினால் கரி பிடிக்கும், டீசலும் கரையும். 10 கேவிஏ மணிக்கு 2 லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும், முழு நாளுக்கு 50 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். எட்டு மணி நேரம் மட்டும் முறை வைத்து ஓட்டினால் 20 லிட்டருக்குள் முடியும். வெள்ளம் வந்த மட்டத்துக்கு மேல் மேடை கட்டி, காற்றோட்டமான வெளியிடத்தில் வையுங்கள். உள்ளே வைத்தால் புகையே ஆளைக் கொன்றுவிடும். மாதம் ஒரு முறை முழு லோடு கொடுத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். சும்மா ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவது சோதனை ஆகாது.

இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்களிடமிருந்து டிஸ்சார்ஜ் ஆகி, ஜாம்பவானோடையிலும் தில்லைவிளாகத்திலும் வீட்டில் கான்சென்ட்ரேட்டர் வைத்திருப்பவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதுங்கள். வானிலை அறிவிப்பு வந்த உடனே போன் போட்டு, எத்தனை பேர் வருவார்கள் என்று கேளுங்கள். கரண்ட் போனால் அவர்கள் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான். நான்கு பேர், ஆளுக்கு 2 லிட்டர் என்றால் மூன்று நாளுக்கு இன்னும் ஐந்து ஜம்போ. பத்தோடு அதையும் சேர்த்து ஏஜென்சியிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.