டிரிஸ்டன் டா குன்ஹா தீவில் எதை வைத்துப் பிழைக்கிறார்கள், யார் ஆள்கிறார்கள்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "விமான நிலையம் கிடையாது, அடுத்த ஊருக்கு 2,400 கிலோமீட்டர் கடல் தாண்ட வேண்டும். டிரிஸ்டன் டா குன்ஹாவில் மக்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள்? அவர்களை ஆள்வது யார்? நாமும் போய்க் குடியேறலாமா?"

நான் தபால்தலை சேர்ப்பவன். இந்தத் தீவு எனக்கு அறிமுகமானதும் அப்படித்தான். பல வருடங்களாக இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். கேள்வி கேட்பவர்கள் எல்லோரும் தூரத்தைப் பற்றியே கேட்கிறார்கள். தூரத்தை அந்த மக்கள் என்றோ பழகிக்கொண்டுவிட்டார்கள். அவர்கள் தினமும் மல்லுக்கு நிற்பது கரையோரத்து நூறு மீட்டர் கடலோடுதான்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். தெற்கு அட்லாண்டிக்கின் நடுவில் ஓர் எரிமலை. ஏறக்குறைய வட்டமான தீவு, பரப்பு 98 சதுர கிலோமீட்டர், உச்சி 2,062 மீட்டர். நாலாபுறமும் செங்குத்துப் பாறை கடலுக்குள் இறங்குகிறது. வடமேற்கில் மட்டும் கொஞ்சம் சமவெளி. மொத்த மக்களும் அங்கே ஒரே ஊரில்தான் இருக்கிறார்கள். வரைபடத்தில் அதன் பெயர் 'எடின்பர்க் ஆஃப் த செவன் சீஸ்'. ஊர்க்காரர்கள் வெறுமனே 'செட்டில்மென்ட்' என்கிறார்கள். மக்கள்தொகை 250கூட இல்லை. கிளாஸ், ஸ்வெய்ன், கிரீன், ரோஜர்ஸ், ஹேகன், ரெபெட்டோ, லாவரெல்லோ என்று விரல் விட்டு எண்ணக்கூடிய குடும்பப் பெயர்கள்தான். 2,400 கிலோமீட்டர் என்பது செயிண்ட் எலினா என்ற இன்னொரு பிரிட்டிஷ் தீவுக்கு. கேப்டவுன் இன்னும் தூரம், சுமார் 2,800 கிலோமீட்டர். கப்பலில் ஒரு வாரம் ஆகும், காற்று எதிராக வீசினால் அதற்கு மேலும் ஆகும்.

அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாலும் இறங்கிவிட முடியாது. கப்பல் கரைக்கு வர ஆழமில்லை. வெளியே நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். சரக்கை மிதவையில் இறக்கி, சின்னத் துறைமுகத்துக்குள் இழுத்து வந்து, கிரேனால் தூக்க வேண்டும். அலை உயர்ந்தால் எல்லாம் நின்றுவிடும். ஊர் கண்ணுக்குத் தெரிய, இறங்க முடியாமல் பயணிகள் நாள்கணக்கில் கப்பலிலேயே காத்திருப்பது அங்கே சகஜம். 1885-இல் கடந்து போன ஒரு கப்பலிடம் பண்டமாற்று செய்யப் படகில் போன 15 ஆண்கள் திரும்பவே இல்லை. அவ்வளவு சிறிய ஊரில் உழைக்கும் வயது ஆண்களில் பெரும்பாலோர் ஒரே நாளில் போய்விட்டார்கள்.

இப்போது பணம். வருமானத்தின் பெரும் பங்கு ஒரே ஒரு பொருளிலிருந்து வருகிறது, சிங்கி இறால். குளிர்ந்த அந்தக் கடலில், கடற்பாசிக் காடுகளுக்குள் வளரும் தனி இனம் அது. இரண்டாம் உலகப் போருக்கு முன் அந்த ஊரில் பணப் புழக்கமே கிடையாது என்று சொல்லலாம். உருளைக்கிழங்கு, ஆடு, மாடு, மீன், பண்டமாற்று, அவ்வளவுதான். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை அங்கே வானிலை, வானொலி நிலையம் அமைத்தபோதுதான் கூலி என்று ஒன்று வந்தது. 1949 வாக்கில் இறால் பதப்படுத்தும் தொழில் தொடங்கியது.

மீன்பிடி நாள் எப்படித் தொடங்கும் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். விடிவதற்கு முன் கடலைப் பார்த்து முடிவெடுப்பார்கள். போகலாம் என்றால் ஊர் நடுவில் தொங்கும் உலோக மணியை அடிப்பார்கள். அதற்கு 'டாங்' என்றே பெயர். அந்தச் சத்தம் கேட்டால் அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவரும் அன்று மீனவர். சின்னச் சின்னப் படகுகளை கிரேன் கடலில் இறக்கும். கூண்டும் வளையவலையும் போட்டுப் பிடிப்பார்கள். மாலையில் படகுகள் திரும்பியதும் ஊரின் இன்னொரு பாதி ஆலைக்குள் போகும். அளவுக்குக் குறைந்ததும் முட்டை சுமந்ததும் கடலுக்கே திரும்பிவிடும். மற்றதெல்லாம் தரம் பிரித்து, உறைய வைத்துப் பெட்டியில் அடைத்தாக வேண்டும், இரவு எத்தனை மணி ஆனாலும் சரி. ஆனால் அந்த மணி தினமும் அடிக்காது. ஒரு பருவம் முழுவதும் சேர்த்தாலும் படகு இறக்கத் தோதான நாட்கள் மிகக் குறைவு.

எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கு ஒவ்வொரு தீவுக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. பக்கத்திலுள்ள நைட்டிங்கேல், இன்ஆக்சஸிபிள், தெற்கே 400 கிலோமீட்டரில் உள்ள காஃப் ஆகிய தீவுகளின் கடலில் உரிமம் பெற்ற கப்பல் ஒன்று பிடிக்கிறது. கடல் வளம் குறையாமல் மீன்பிடிப்பவர்களுக்கு எம்.எஸ்.சி. என்ற சர்வதேச அமைப்பு தரும் சான்றிதழை 2011-இல் வாங்கிவிட்டார்கள். அதே வருடம் மார்ச்சில் 'ஒலிவா' என்ற சரக்குக் கப்பல் நைட்டிங்கேல் தீவின் பாறையில் நேராகப் போய் மோதியது. பிரேசிலிலிருந்து சிங்கப்பூருக்கு சோயா ஏற்றிப் போன கப்பல். எண்ணெயும் சோயாவும் கடலில் கலந்து இறால் பிடிப்புக்கே ஆபத்து வந்தது. எண்ணெயில் நனைந்த பென்குவின்கள் சுமார் 3,700-ஐ ஊருக்குக் கொண்டு வந்து கழுவிப் பராமரித்தார்கள், ஊரின் நீச்சல் குளத்தைக்கூட அவற்றுக்கு விட்டுக் கொடுத்தார்கள். பத்தில் ஒன்றுதான் பிழைத்தது. வருமானம் ஒரே பொருளில் நிற்கும் ஊரில், யாரோ ஒருவரின் கவனக்குறைவு எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். அதற்கு முன், 2008-இல் இறால் ஆலை தீப்பிடித்து எரிந்தது. ஊருக்கான மின்சார ஜெனரேட்டர்களும் கூடவே போயின. மறு வருடமே புது ஆலை எழுந்துவிட்டது.

இரண்டாவது வருமானம் தபால்தலை. 1946-இல் தங்களுக்கென்று தபால்தலை வேண்டும் என்று மனு போட்டபோது மாதிரிக்கு அச்சடித்த ஒட்டிகளில் ஒரு பென்னியோடு 'நான்கு உருளைக்கிழங்கு' என்றும் விலை போட்டிருந்தார்கள். ஊரில் அப்போது புழங்கியது கிழங்குதானே. தபால்தலை 1952-இல்தான் வெளிவந்தது. என் ஆல்பத்தில் நான் பொக்கிஷமாக வைத்திருப்பது, செயிண்ட் எலினா தபால்தலையின் மேல் 'டிரிஸ்டன் டா குன்ஹா மறுகுடியேற்றம் 1963' என்று அச்சடித்த ஒன்று. அதன் கதையைச் சொல்லாமல் ஆட்சியைப் பற்றிப் பேச முடியாது.

1961 அக்டோபரில் ஊருக்குப் பக்கத்திலேயே நிலம் பிளந்து எரிமலை கக்கியது. 264 பேரும் படகேறி, கேப்டவுன் வழியாக இங்கிலாந்து போனார்கள். சவுத்தாம்ப்டன் அருகே கால்ஷாட் என்ற பழைய விமானப்படை முகாமில் தங்க வைத்தார்கள். வீடு, வேலை, கடை, டெலிவிஷன் எல்லாம் கிடைத்தன. இனி இங்கேயே இருந்துவிடுவார்கள் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். 1962 டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. திரும்பிப் போக வேண்டும் என்றவர்கள் 148, வேண்டாம் என்றவர்கள் 5. மறு வருடம் திரும்பினார்கள். எரிமலைக் குழம்பு பழைய ஆலையையும் படகு இறக்கும் கரையையும் விழுங்கியிருந்தது. வீடுகளில் பெரும்பாலானவை தப்பித்திருந்தன. அந்தக் குழம்பின் ஓரத்தில்தான் 1967-இல் இன்றைய துறைமுகத்தைக் கட்டினார்கள். அதற்கு கால்ஷாட் துறைமுகம் என்றே பெயர் வைத்தார்கள்.

சட்டப்படி அது பிரிட்டனின் கடல்கடந்த ஆட்சிப்பகுதி. 2009 அரசமைப்பின்படி செயிண்ட் எலினா, அசென்ஷன், டிரிஸ்டன் மூன்றும் சேர்ந்து ஒரே ஆட்சிப்பகுதி. அதற்கு முன் மற்ற இரண்டும் செயிண்ட் எலினாவின் சார்புப் பகுதிகள், இப்போது மூன்றும் சமம். ஆளுநர் செயிண்ட் எலினாவில் இருக்கிறார். தீவில் அவருடைய பிரதிநிதியாக ஒரு நிர்வாகி. இவர் வெளியிலிருந்து வருபவர், சில வருடங்களில் மாறிவிடுவார். அவருக்கு ஆலோசனை சொல்ல தீவு மன்றம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை தேர்ந்தெடுக்கப்படும் 8 பேர், நியமன உறுப்பினர்கள் 3 பேர். மக்கள் தேர்ந்தெடுக்கும் 'தலைமைத் தீவுவாசி'யும் உண்டு. காகிதத்தில் மன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் உரிமைதான். ஆனால் இந்த 148 பேரின் வாக்குக்குப் பிறகு, ஊர் மக்கள் விரும்பாததை மேலிருந்து திணிப்பது யாருக்கும் சுலபமில்லை என்பது என் கணிப்பு.

எழுதிய சட்டத்தைவிட ஆழமாக ஓடுவது 1817-இன் ஒப்பந்தம். நெப்போலியனை செயிண்ட் எலினாவில் அடைத்து வைத்தபோது, யாரும் இந்த வழியாக வந்து மீட்டுவிடக் கூடாதென்று 1816-இல் பிரிட்டன் இங்கே ஒரு காவற்படையை நிறுத்தியது. மறு வருடம் படை கிளம்பியபோது வில்லியம் கிளாஸ் என்ற கார்ப்பரல் மனைவி, பிள்ளைகளோடு தங்கிவிட்டார். கூட இருந்தவர்களோடு ஒப்பந்தம் எழுதினார்: சரக்கு எல்லோருக்கும் சமம், லாபம் சமம், யாரும் யாருக்கும் மேலானவர் இல்லை. அந்த எண்ணம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நிலத்தை வெளியார் வாங்க முடியாது. ஒரு குடும்பம் எத்தனை மாடு, எத்தனை ஆடு வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் கணக்குண்டு, ஒருவர் பெருக்கினால் அடுத்தவருக்குப் புல் இல்லை. ஊருக்கு வெளியே 'பேட்சஸ்' என்ற இடத்தில் எரிமலைக் கல்லால் சுவர் வைத்த சின்னச் சின்னக் கிழங்குத் தோட்டங்கள் உள்ளன. சம்பளக்காரராக இருந்தாலும் குடும்பத்தோடு போய்க் கிழங்கு நடுவார்கள்.

2020-இல் இவர்கள் எடுத்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். தீவுகளைச் சுற்றி 6,87,000 சதுர கிலோமீட்டர் கடலைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். பிரிட்டனைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு பரப்பு. அதில் 90 சதவீதத்துக்கும் மேல் மீன்பிடிக்கவே கூடாது, மிச்சத்தில் தங்கள் இறாலுக்கு இடம் வைத்துக்கொண்டார்கள். வெளிநாட்டுக் கப்பல்களுக்கு உரிமம் விற்றுக் காசு பார்க்கும் வழியையும் அதோடு பெருமளவு அடைத்துவிட்டார்கள். கையில் மிச்சம் மீதி அதிகமில்லாத ஊர் அதைச் செய்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

சுமை இல்லாமலில்லை. 2017-இல் புது மருத்துவமனை திறந்தாலும் பெரிய சிகிச்சை என்றால் கேப்டவுன்தான், அதற்கும் கப்பல் வர வேண்டும். பள்ளி 16 வயது வரைதான், மேலே படிக்க வெளியே போனவர்கள் எல்லோரும் திரும்புவதில்லை. மக்கள்தொகை குறைந்து, வயது கூடிக்கொண்டே போகிறது. படகில் ஏற இளைஞர் வேண்டும் என்பதால் எனக்கு இறாலைவிட இதுதான் பெரிய கவலை.

அப்புறம் குடியேற்றம். முடியாது. மருத்துவர், ஆசிரியர் போன்ற பணிக்கு ஒப்பந்தத்தில் போகலாம், காலம் முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். சுற்றிப் பார்க்கப் போவதற்கே தீவு மன்றத்தின் முன்அனுமதி வேண்டும். திரும்பி வரும் பயணச்சீட்டும், கேப்டவுனுக்குக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கும் மருத்துவக் காப்பீடும் கையில் இருக்க வேண்டும். கேப்டவுனிலிருந்து வருடத்துக்குச் சில பயணங்கள்தான், அதில் நோயாளிகளுக்கும் தீவுவாசிகளுக்கும் போக மிச்சமிருக்கும் படுக்கைதான் சுற்றுலாக்காரருக்கு. விண்ணப்பிப்பதாக இருந்தால் பல மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள், திரும்பும் தேதியை மட்டும் யாருக்கும் உறுதியாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.