லுசித்தானோ சாதுதான், அதனால்தான் சொல்கிறேன்

தம்பி, போர்ச்சுகலில் கோலெகா ஊர்ப் பக்கம் ஒரு பண்ணையில் லாய வேலை கிடைத்திருக்கிறது, நவம்பரில் வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். விசா, சம்பளம், குளிர், அரிசி என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் இந்த நாட்டுக் குதிரை இனத்தைப் பற்றி, "லுசித்தானோ குதிரை ரொம்ப சாதுவாமே, உண்மையா?" என்று ஒரு கேள்வி. விசாவுக்கு ஒரு வக்கீலைப் பாருங்கள், நான் வந்த காலத்துச் சட்டம் இப்போது இல்லை. சம்பளத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அரிசியும் பருப்பும் லிஸ்பனில் மார்த்திம் மோனிஸ் பக்கம் கிடைக்கும். நல்ல பூட்ஸ் வாங்குங்கள், கோலெகாவில் மழைக்காலத்தில் தேஜு ஆற்றங்கரை முழுக்கச் சேறு. அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நானும் அதே நினைப்போடு வந்தவன். சென்னையில் பந்தயக் குதிரை லாயத்தில் ஒன்பது வருடம் சைஸாக, அதாவது குதிரையைப் பராமரிப்பவனாக, இருந்தேன். பந்தயக் குதிரை தனக்குப் பிடிக்காததை அப்போதே காட்டிவிடும். வயிற்று வாரை ஒரு துளை கூட்டி இறுக்கினால் காதை மடக்கிப் பல்லைக் காட்டும், இல்லையென்றால் பின்னங்காலைத் தூக்கும். அதைப் பார்த்துத்தான் நாங்கள் வேலை கற்றோம். இங்கே வந்து, காயடிக்காத ஆண் குதிரைகள் ஆட்டுக்குட்டி மாதிரி என் பின்னால் நடந்து வந்ததைப் பார்த்ததும் வேலை சுலபம் என்று நினைத்துவிட்டேன்.

முதல் குளிர்காலத்தில் என் பொறுப்பில் ஆறு வயதுக் குதிரை ஒன்று இருந்தது. இரும்புச் சாம்பல் நிறம், தொடையில் காசு காசாகப் புள்ளி. மூன்று நாள் தொடர்ந்து சேணம் பூட்டி ஓட்டக்களத்துக்கு அனுப்பினேன். ஒரு நாளும் முரண்டு பிடிக்கவில்லை. நான்காம் நாள் காலை, அங்கிருந்த வயதான குதிரைக்காரர் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்து, புறங்கையை அதன் முன்னங்காலின் மேல் மூட்டுக்குப் பின்னால், வயிற்றோரத்தில் வைத்தார். வார் படும் இடம் கொதித்தது. மயிரை விலக்கினால், தோல் உரிந்து உள்ளங்கை நீளத்துக்குச் சிவந்து ஈரமாக இருந்தது. ஈர வாரில் காய்ந்த சேறு ஒட்டியிருந்ததை நான் துடைக்காமல் பூட்டியிருக்கிறேன். மூன்று நாளும் அந்தக் குதிரை அதன் மேலேயே வேலை செய்திருக்கிறது.

அன்றைக்கு அவர் சொல்லிக்கொடுத்த சொல் "சொஃப்ரெதோர்". பாடு பொறுப்பவன் என்று அர்த்தம். இந்த இனத்தின் அதிகாரபூர்வ இலக்கணத்திலேயே குணம் என்ற இடத்தில் அந்தச் சொல் இருக்கிறது: பெருந்தன்மை உண்டு, தாராளம் உண்டு, கொதிப்பு உண்டு, ஆனால் எப்போதும் பணிவும் பொறுமையும் உள்ளது. கொதிப்பையும் பொறுமையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் இந்தக் குதிரை.

இந்தக் குணம் தானாக வந்ததில்லை. காளை மேய்க்கவும், போருக்கும், அரங்கில் காளையை எதிர்கொள்ளவும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த குதிரை இது. காளை பாய்ந்து வரும்போது கடைசி நொடி வரை நிற்க வேண்டும், ஆள் இடுப்பை அசைத்த உடனே விலக வேண்டும். பயந்து ஓடுவதும் உதவாது, மந்தமாக நிற்பதும் உதவாது. போர்ச்சுகலில் 1928 முதல் பொதுவாகக் காளையை அரங்கில் கொல்லத் தடை. குதிரை மேல் கொம்பு பட்டால் சவாரிக்காரருக்கு அவமானம். அந்த விளையாட்டு எனக்குப் பிடிக்காது, ஆனாலும் குதிரையின் அறிவு அங்கே பட்டை தீட்டப்பட்டது என்பதை மறுக்க மாட்டேன்.

1748-இல் மன்னர் ஐந்தாம் ஜோவாவ் காலத்தில் ஆல்தெர் தோ ஷாவில் அரச குடும்பத்தின் குதிரைப் பண்ணையை ஆரம்பித்தார்கள். பிறகு நெப்போலியன் படைகள் வந்து கொள்ளையடித்தன. 1910-இல் முடியாட்சி போனதும் மிச்சமும் சிதறியது. ரூய் தெ அந்த்ராதெ என்பவர் கொஞ்சம் குதிரைகளைக் காப்பாற்றி வைத்ததால் அந்த வழி பிழைத்தது. 1960-கள் வரை ஸ்பெயின் குதிரையோடு ஒரே இனமாக எண்ணப்பட்டு, பிறகுதான் லுசித்தானோ என்று தனிப் பெயர் பெற்றது. இந்த நாட்டின் குதிரையேற்றக் கலையை யுனெஸ்கோ 2024-இல் தன் பட்டியலில் சேர்த்தது. இத்தனையும் நீங்கள் பிடிக்கப் போகும் கயிற்றின் மறுமுனையில் நிற்கிறது, தம்பி.

நம் ஆட்களில் சிலர் உங்களிடம் வேறு மாதிரி பேசுவார்கள். "பாஸ்போர்ட் வரும் வரை சாணி அள்ளு, அப்புறம் ஜெர்மனி போய்விடலாம்" என்பார்கள். பத்து வருடம் இருந்தும் ரொட்டிக்கடையில் காலை வணக்கம் சொல்லத் தெரியாதவர்கள் அவர்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. குதிரையிடம் பேசித்தான் நான் போர்ச்சுகீசியம் கற்றேன். முதலில் வந்த சொற்கள் "கல்மா", "தெவகார்", அதாவது அமைதி, மெதுவாக. சந்தையில் அதே தொனியில் பேசியபோதுதான் ஊர்க்காரர்கள் என்னை நின்று கவனித்தார்கள்.

வந்ததும் முதல் வாரம் வேலை முடிந்து அறைக்குப் போகாதீர்கள். லாயத்து வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு குதிரையும் வைக்கோல் எப்படித் தின்கிறது என்று பாருங்கள். இது உதைக்காது, அதனால் மெல்லும் வேகம் குறைவதையும், கண்ணுக்கு மேல் சுருக்கம் விழுவதையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். வாரைத் தினமும் துடையுங்கள். சத்தம் போடாதீர்கள், ஒரு தரம் அடித்த கையை இது வருடக்கணக்கில் ஞாபகம் வைத்திருக்கும். நவம்பரில் வந்தால் கோலெகாவில் சாவ் மார்த்தீன்யு என்ற புனிதரின் திருநாள் சமயத்துக் குதிரைச் சந்தை நடக்கும், தெருவெல்லாம் சுட்ட செஸ்ட்நட் வாசனை. அங்கே பெரியவர்கள் குதிரையைத் தொடுவதற்கு முன் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

அந்தச் சாம்பல் குதிரைக்கு இப்போது இருபத்திரண்டு வயது, சவாரி இல்லை. புண் ஆறிய இடத்தில் வெள்ளை மயிர் முளைத்து ரொம்ப நாள் தனியாகத் தெரிந்தது. இந்த இனத்தில் சாம்பல் குதிரை வயதாக வயதாக வெளுக்கும். இப்போது அவன் முழுக்கப் பால் நிறம், தழும்பு எங்கே என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. கை வைத்தால் எனக்குத் தெரியும்.